கையால் சுற்றும் புளோயர்: எட்டு மாதம் உலையில் வைத்துப் பார்த்த பின்

சென்ற ஆவணியில் கிருஷ்ணகிரியில் உள்ள ஓர் இயந்திரப் பொருள் கடையில் 3,400 ரூபாய் கொடுத்து, உலைக்குக் காற்று ஊட்டும் கையால் சுற்றும் புளோயர் ஒன்றை வாங்கினேன். தருமபுரியில் என் வீட்டின் பின்புறம் தகரக் கூரையின் கீழ் இருக்கும் சிறிய உலையோடு அதை இணைத்து, பங்குனி முடியும் இந்நாள் வரை ஏறத்தாழ எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூன்று மணி நேரமாவது சுற்றியிருக்கிறேன். கொல்லுத் தொழில் என் பிழைப்பு அன்று. வார நாட்களில் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரும்பு அடிப்பதைப் பிரியத்தினால் கற்றுக்கொள்பவன் என்ற நிலையிலிருந்துதான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன் என்பதால், நாள் முழுவதும் உலை மூட்டி நூற்றுக்கணக்கான களைக்கொத்துகளுக்குத் தோய்ச்சல் போடும் (பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ இறக்கிக் கடினமாக்கும்) பட்டறைக்காரருக்கு இதில் உள்ளவை அப்படியே பொருந்தா.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் உலை மூட்டுபவருக்கு மின்சார புளோயரைவிட இதுவே ஏற்றது. அதிலும் புதிதாகக் கற்பவருக்கு இதைத் தவிர வேறொன்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் கடையில் கொடுக்கும் நிலையிலேயே இதை உலையில் பூட்டிவிட முடியாது. சரிசெய்து முடிக்க எனக்கு மேற்கொண்டு 700 ரூபாயும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் செலவாயின.

பொருளின் அமைப்பு எளிமையானது. நத்தைக்கூடு போன்ற வார்ப்பிரும்பு உறை, அதற்குள் 10 அங்குல விட்டமுள்ள தகட்டு விசிறி, பக்கவாட்டில் பல்சக்கரப் பெட்டி, அதிலிருந்து நீளும் கைப்பிடி, கோண இரும்பில் பற்றவைத்த மூன்று கால் தாங்கி ஆகியவைதாம் அதன் பாகங்கள். தாங்கியோடு சேர்த்து 14 கிலோ இருக்கிறது. கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு விசிறி எத்தனை முறை சுற்றுகிறது என்று அறிய, விசிறியின் ஓர் இதழில் சுண்ணாம்பால் குறியிட்டு மெதுவாகச் சுற்றி எண்ணினேன்; 28 வந்தது. நிமிடத்துக்கு 40 சுற்று என்பது கைக்குச் சிரமம் தராத வேகம். அந்த வேகத்தில் விசிறி நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கு மேல் ஓடுகிறது என்றால், வீட்டு உலை ஒன்றுக்கு அதுவே தாராளம். கைப்பிடியை விட்ட பிறகு விசிறி ஐந்தாறு விநாடிகள் தானாக ஓடி மெல்ல அடங்க வேண்டும். கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கை எடுத்தவுடன் நின்றுவிடும் புளோயரில் அச்சு கோணலாக இருக்கும், அல்லது பேரிங் இறுகியிருக்கும். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது அப்படி நின்றுவிட்டது. மூன்றாவதாக எடுத்ததைத்தான் நான் வாங்கி வந்தேன்.

குறைகளைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இவற்றை அறியாமல் வாங்கியவர் முதல் நாளிலேயே மனம் தளர்ந்து பரணில் தூக்கிப் போட்டுவிடக்கூடும். முதலாவது, பல்சக்கரப் பெட்டிக்குள் எண்ணெயோ கிரீஸோ இல்லை. வார்ப்பிலிருந்து உதிர்ந்த மணல்தான் இருந்தது. பெட்டியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸ் வைத்த பிறகுதான் அந்தக் கரகரப்பு நின்றது. இரண்டாவது, உறையின் இரு பாதிகளும் சேரும் விளிம்பில் காற்று கசிந்தது. ஊதுபத்திப் புகையை விளிம்பை ஒட்டிக் காட்டினால் கசியும் இடம் தெளிவாகத் தெரிகிறது. மோட்டார் பம்புக்குப் போடும் தடித்த காகித அட்டையை அளவாக வெட்டி இடையில் வைத்து இறுக்கினேன். மூன்றாவது, கைப்பிடி அச்சின் மீது மரை வைத்துத் திருகப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு திசையில் சுற்றினால் அது இறுகுகிறது, எதிர்த்திசையில் சுற்றினால் கழன்று கையோடு வந்துவிடுகிறது. இதனால் புளோயரை உலையின் இடப்பக்கம்தான் வைக்க முடியும். நல்வாய்ப்பாக எனக்கு அதுதான் வசதி. இடக்கையால் சுற்றிக்கொண்டு வலக்கையால் கரியைக் கிளறவும் இரும்பைத் திருப்பவும் முடிகிறது. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வாங்கும் முன் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தாங்கியின் உயரத்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கைப்பிடி தரையிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருக்கிறது. நின்றுகொண்டு வேலை செய்பவர் குனிந்துகொண்டே சுற்ற வேண்டும். முதல் நாள் இரவு முதுகு வலியில் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து வேலை செய்யும் மரபான உலைக்கு இந்த உயரம் சரியாக இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தேன், ஆனால் அதற்கு இது 15 சென்டிமீட்டர் அதிகம். எதற்குமே பொருந்தாத அளவு இது. வெல்டிங் பட்டறையில் கால்களை நீட்டி ஒட்டவைத்து, கைப்பிடி 95 சென்டிமீட்டரில் வருமாறு செய்துகொண்டேன். மேற்செலவில் பெரும்பகுதி அதற்கே போயிற்று.

உலையைப் பற்றியும் சொன்னால்தான் புளோயரின் தரத்தை எடைபோட முடியும். பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் லாரி பழுதுபார்க்கும் பட்டறைகள் நிறைந்திருப்பதை அறிவீர்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்தே இறங்க வேண்டிய லாரிகளின் தேய்ந்த பிரேக் டிரம்கள் அந்தப் பட்டறைகளில் எடைக்குக் கிடைக்கின்றன. வார்ப்பிரும்பாலான அப்படி ஒரு டிரம்மைத்தான் உலைச் சட்டியாக வைத்திருக்கிறேன். அதன் அடித்துளையில் துளையிட்ட தடித்த தகடு, அதன் கீழே குறுக்குக் குழாய், குழாயின் அடிமுனையில் சாம்பல் தள்ளும் மூடி, பக்க முனையில் புளோயர் என்பது அமைப்பு. டிரம் மிக ஆழமானது என்பதால் உட்சுவரைச் சுற்றிக் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி, கிண்ண வடிவத்துக்குக் குறுக்கியிருக்கிறேன். பூசாமல் விட்டால் கரி பக்கவாட்டில் வீணாக எரிந்து தீரும்.

இங்கே நான் செய்த பிழை ஒன்றை எழுத வேண்டும். குறுக்குக் குழாய்க்குத் தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் சொன்னதைக் கேட்டு ஜிஐ குழாயை வாங்கி மாட்டிவிட்டேன். அந்தக் குழாயின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. உலையின் அடிப்பகுதி அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடுகிறது. வெண்புகை கிளம்பியதும் காரணம் தெரியாமல் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்து, மறுநாள் மாலையில்தான் விட்டன. துத்தநாகப் புகையைச் சுவாசிப்பதால் வரும் காய்ச்சல் இது; வெல்டிங் வேலை செய்பவர்கள் நன்றாக அறிவார்கள். குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுப் பூச்சில்லாத கறுப்புக் குழாயை மாட்டினேன். உலையின் அருகே பூச்சுக் குழாயோ பூச்சு ஆணியோ பழைய வாளித் தகடோ எதுவும் வரக்கூடாது என்பதை இந்த மதிப்புரையில் வேறெதைவிடவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அதேபோல் கரி உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளிவருவதால், நான்கு பக்கமும் சுவருள்ள அறையில் உலை வைக்கலாகாது. என் கூரைக்கு இரண்டு பக்கமே சுவர்.

புளோயரின் பெருமை முழுவதும் காற்றைக் குறைக்கும் வசதியில்தான் இருக்கிறது என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. காற்று அதிகமானால் சூடு அதிகமாகும், சூடு அதிகமானால் வேலை விரைவாகும் என்று எண்ணி, தொடக்கத்தில் வெறி பிடித்தாற்போல் சுற்றினேன். இரும்பின் மேல் செதிள் செதிளாகக் கறுப்புப் பொருக்கு எழுந்தது. கரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. பாலக்கோடு செல்லும் சாலையில் ஒரு கிராமத்தில் பட்டறை வைத்திருக்கும் முதிய கொல்லர் ஒருவரை நானும் நண்பரும் அவ்வப்போது போய்ப் பார்ப்பதுண்டு. ஒருமுறை அவரே என் வீட்டுக்கு வந்து சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க இரும்ப காய்ச்சல, கரியத்தான் காய்ச்சறீங்க. காத்த கொறைங்க, கரிய மேல ஏத்துங்க," என்றார். "எவ்வளவு கொறைக்கணும் ஐயா?" என்று கேட்டேன். "நெருப்பு சத்தம் போடக் கூடாது. மூச்சு விடணும். அவ்ளோதான்," என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இதுதான். கீழிருந்து வரும் காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியின் முதல் சில விரற்கடை உயரத்திலேயே எரிந்து தீர்ந்துவிட வேண்டும். அதற்கு மேலுள்ள பகுதியில் சூடு இருக்கும், மிச்ச ஆக்சிஜன் இருக்காது. அங்கே இரும்பை வைத்தால் அது பொருக்குக் கட்டாமல் பழுக்கும். காற்று மிகுந்தாலும், கரியின் ஆழம் குறைந்தாலும், எரிந்து மிஞ்சிய ஆக்சிஜன் நேரே இரும்பைப் பிடித்துக்கொண்டு அதன் மேற்பரப்பைத் தின்றுவிடுகிறது. லாரி வில்பட்டை போன்ற கார்பன் மிகுந்த எஃகில் மேற்பரப்பின் கார்பனும் போய்விடுகிறது. அடித்தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நெல்லிக்காய் அளவில் உடைத்த வேலிக்காத்தான் கரியைக் குவித்து, இரும்பை அதன் நடுவுக்குச் சற்று மேலே கிடையாகச் செருகி, நிமிடத்துக்கு 25 சுற்று மட்டும் சுற்றியபோது, 12 மில்லிமீட்டர் கம்பி இரண்டரை நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. முன்பு வெறிகொண்டு சுற்றியபோதும் ஏறத்தாழ அதே நேரம்தான் ஆகியிருந்தது. கரிச் செலவு மட்டும் பாதிக்கு அருகில் குறைந்தது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்த நாள்தான் என்னையும் காவேரிப்பட்டினத்து நண்பரையும் இந்தப் பக்கம் திருப்பியது. மின்சாரம் வருவதற்கு முந்தைய அத்தனை நூற்றாண்டுகளிலும் உலைக்குக் காற்றை ஊட்டியது மனித உடல்தான் என்பதைக் கைப்பிடியைச் சுற்றும்போது நினைத்துக்கொள்வேன். அந்த முதிய கொல்லரின் தந்தை காலத்தில்கூட ஆட்டுத்தோல் துருத்திதான் இருந்ததாம்.

இனி, இதை வைத்து எவ்வெவற்றைச் செய்தேன், அவற்றில் புளோயர் எப்படி நடந்துகொண்டது என்பதற்கு வருகிறேன். முதலில் செய்தவை 10 மில்லிமீட்டர் கம்பியில் சுவர்க் கொக்கிகள். கார்பன் குறைந்த சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி என்பதால் சூட்டில் சற்று ஏறினாலும் இறங்கினாலும் மன்னிக்கிறது. கொக்கிக்குப் புளோயரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் காற்றும் போதும். அடுத்து 20 மில்லிமீட்டர் கம்பியில் குறடு ஒன்று. தடித்த கம்பி உள்வரை சூடேற நேரம் பிடிக்கும். மேலே மஞ்சளாகத் தெரிந்தாலும் உள்ளே சூடு குறைவாகவே இருக்கும். அந்த நிலையில் அடித்தால் மேல்தோல் மட்டும் விரிந்து ஓரம் மடிந்துகொள்கிறது. சுற்றுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் நெருப்பிலேயே ஊறவிட்டு எடுத்தால் சூடு உள்ளிறங்குகிறது. கை நின்றால் காற்றும் நிற்கும் என்பதால் இந்த ஊறவிடுதல் இயல்பாகவே நடந்துவிடுகிறது. ஓடிக்கொண்டே இருக்கும் மோட்டாரில் இந்த ஒரு நிமிடத்துக்குள் கம்பியின் நுனி எரிந்து பொறி பறந்திருக்கும்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது, மாசியில் செய்த தொரட்டிக் கத்தி. எங்கள் உறவினர் தோட்டத்தில் நான்கு புளியமரங்கள் இருக்கின்றன. எட்டாத கிளையைப் பிடித்திழுக்கவும் ஆட்டுக்குத் தழை அறுக்கவும் மூங்கில் கழியில் செருகும் வளைந்த கத்தி வேண்டும் என்று கேட்டார்கள். லாரியின் அடியில் அடுக்கடுக்காக இருக்கும் வில்பட்டைகளில் உடைந்த ஒன்றை எடுத்து, கிரைண்டரில் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, ஒரு முனையைத் தகடாக விரித்துக் கழிக்குப் பூணாக உருட்டி, மறுமுனையை நீட்டி வளைத்தேன். வில்பட்டை எஃகில் கார்பன் 0.5 முதல் 0.6 விழுக்காடு வரை இருக்கும். அது மைல்ட் ஸ்டீல் போல் வளைந்து கொடுக்காது. செம்பழுப்பு நிறத்துக்குக் கீழே இறங்கிய பின்னும் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், மஞ்சளைத் தாண்டி வெண்மையாகும் வரை விட்டால் பொறி பறந்து எரிந்துபோகும். ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவிலேயே அதை வைத்திருக்க வேண்டும் என்ற இந்தக் கட்டுப்பாட்டில்தான் கைப் புளோயர் தன் விலைக்கு மேல் உழைத்தது.

தோய்ச்சலின்போது அதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரிந்தது. எஃகைத் தோய்ச்சல் போடுவதற்குக் காந்தம் ஒட்டாத நிலையைக் கடந்து சற்றே மேலே சூடேற்ற வேண்டும். இரும்பு காந்தத்தை இழப்பது 770 டிகிரியில். கழியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பார்த்துப் பார்த்து, அது ஒட்டாமல் போன பிறகு நிறம் இன்னும் ஒரு சாயல் வெளுக்கும் வரை காத்திருந்து எண்ணெயில் இறக்குவது என் முறை. மெல்லிய விளிம்பும் தடித்த முதுகும் ஒரே சூட்டுக்கு வர வேண்டுமென்றால் காற்று மிகவும் மெல்லியதாக இருக்க வேண்டும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும், கிட்டத்தட்டத் தாலாட்டுவதுபோல் சுற்றிக்கொண்டு, கத்தியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். பொழுது சாய்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும்; வெயிலில் நிறம் ஏமாற்றும். ஐப்பசியில் செய்த முதல் கத்தியை நடுப்பகலில், அளவுக்கு மீறிய சூட்டில், தண்ணீரில் இறக்கினேன். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. விளிம்பிலிருந்து முதுகு வரை விரிசல். தொரட்டிக்குக் கடலை எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் சற்றே சூடாக்கி வைத்திருந்தேன். விரிசல் எதுவும் விழவில்லை. அரத்தை வைத்தபோது வழுக்கிக்கொண்டு போனது. பிறகு அந்தக் கடினத்தைச் சற்றுத் தணிக்க, துலக்கிப் பளபளப்பாக்கி, முதுகைப் பழுத்த இரும்புக் கட்டியின் மேல் வைத்து, விளிம்பில் வைக்கோல் நிறமும் முதுகில் மயில்கழுத்து நிறமும் ஓடிவரும் வரை மெல்லச் சூடேற்றி எடுத்தேன். இந்தப் பருவம் முழுவதும் புளி உலுக்கியதில் அதற்கு ஒருமுறைதான் சாணை தேவைப்பட்டது என்று உறவினர் சொன்னார்.

உலையிலேயே இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஒட்டவைக்கும் வேலையில் மட்டும் புளோயர் தடுமாறியது. சரியாகச் சொன்னால் என் கைதான் தடுமாறியது. அதற்கு 1,250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டை எட்டவும் தக்கவைக்கவும் பத்து நிமிடம் விடாமல் வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதோடு இரும்பைத் திருப்பி, பொருக்கைக் கரைப்பதற்காக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய வெங்காரத்தைத் தூவி, நிறம் பார்த்து எடுத்து அடிப்பது ஒருவரால் ஆகாது. இரண்டு முறை முயன்றும் ஒட்டவில்லை. மூன்றாம் முறை என் மகள் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வேகமா சுத்தட்டுமாப்பா?" என்று கேட்டுக் கேட்டுச் சுற்றினாள், துண்டுகள் தடம் தெரியாமல் ஒட்டிக்கொண்டன. உதவிக்கு ஆள் இல்லாதவர், ஒட்டவைக்கும் வேலையையே அதிகம் செய்ய நினைத்தால், இந்தப் புளோயரை நம்ப வேண்டாம்.

மின்சார புளோயரோடு ஒப்பிட்டுத்தான் பேசுகிறேன், கேள்விப்பட்டு அன்று. காவேரிப்பட்டினத்து நண்பரிடம் அதுதான் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு அவர் உலையிலோ என் உலையிலோ கூடிச் செய்தவற்றைக் காட்டிக்கொள்வதும் வேலை செய்வதும் எங்கள் வழக்கம். இருவரும் ஒரே மூட்டைக் கரியை எடை போட்டுப் பிரித்துக்கொண்டு, ஒரே வகைக் கொக்கிகளை மூன்று மணி நேரம் அடித்துப் பார்த்தோம். அவருக்கு ஏறத்தாழ 9 கிலோ கரி ஆயிற்று, எனக்கு 6 கிலோ. ஆனால் அவர் 22 கொக்கிகள் முடித்தார், நான் 15தான். இரண்டு கைகளும் விடுபட்டிருப்பதால் ஒன்றை அடிக்கும்போதே அடுத்தது நெருப்பில் பழுத்துக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கைதான் முக்கியம் என்பவருக்கு அந்த நன்மை சிறியதன்று. ஒசூரில் தொழிற்சாலை வேலை பார்க்கும் எங்கள் மூன்றாவது நண்பரும் இந்தக் காரணத்துக்காக மோட்டார் பக்கமே நிற்கிறார். காவேரிப்பட்டினத்து நண்பர் மோட்டாரின் வேகத்தைக் குறைக்காமல், குழாயின் நடுவே ஒரு தகட்டைச் செருகி, அதை இழுத்தும் தள்ளியும் காற்றை அளவாக விடுகிறார். மின்சார புளோயர் வைத்திருப்பவர்கள் இந்தத் தகடு இல்லாமல் ஒரு நாளும் உலை மூட்டக்கூடாது. இருந்தும் அன்று அவருடைய இரண்டு கொக்கிகளின் நுனி எரிந்துபோயிற்று, ஏனெனில் பேச்சு வாக்கில் தகட்டைத் தள்ள மறந்துவிட்டார். மறதியில் என் கை நின்றால் என் இரும்பு ஆறுமே தவிர எரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரியது என்பதை எரிந்துபோன வில்பட்டைகளைக் குப்பையில் போட்டவர்கள் அறிவார்கள். மின்வெட்டு நாளிலும் உலை மூட்டலாம், அடுத்த வீட்டுக்காரருக்கு மோட்டார் இரைச்சல் இல்லை என்பனவும் என் கணக்கில் உண்டு.

கரிக்குப் பதிலாக நிலக்கரி போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுற்றுவதை நிறுத்தியதும் எரியாத வாயு குழாய் வழியாகப் பின்னோக்கிப் புளோயருக்குள் வந்து தங்கும். மறுபடி சுற்றும்போது அது பட்டென்று வெடிக்கலாம். நீண்ட நேரம் நிறுத்துவதானால் சாம்பல் மூடியைத் திறந்துவிட்டுப் போவது நல்லது.

இரும்பை மேலே வைத்து அடிக்கும் பட்டடையைப் பற்றி இங்கே விரிவாக எழுத இடமில்லை, ஆனால் இந்தப் புளோயரை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அடுத்ததாகக் கேட்பது அதைத்தான். மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தின் 40 சென்டிமீட்டர்த் துண்டு 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். அதைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி மரக்கட்டையில் பதித்தால், அடி விழும் இடத்துக்கு நேர் கீழே முழு இரும்பும் நிற்பதால் சுத்தியலின் வேகம் வீணாகாது. ரயில்வே ஏலத்தில் எடுத்த பழைய இரும்புக்கு ரசீது உள்ள வியாபாரியிடம் மட்டுமே வாங்குங்கள். ரசீது இல்லாத தண்டவாளத்தை வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி குற்றமாகலாம்.

எட்டு மாதத்தில் புளோயரில் தேய்ந்தவை என்ன என்பதையும் சொல்கிறேன். கார்த்திகை மழையில் விசிறித் தகட்டில் துரு ஏறி ஓர் இதழ் கனத்துப்போனதால் அதிர்வு வந்தது. துருவைச் சுரண்டி எண்ணெய் தடவியதும் நின்றது. இப்போது வேலை முடிந்ததும் குழாயிலிருந்து கழற்றிக் கோணியால் மூடி வைக்கிறேன். தாங்கியின் பற்றவைப்பு ஓரிடத்தில் விட்டது. பேரிங்குகள் உறுதியாக இருக்கின்றன. கவலை தருவது பெட்டிக்குள் இருக்கும் சிறிய பல்சக்கரம். மாசியில் கிரீஸ் மாற்றத் திறந்தபோது அதன் பற்களின் ஒரு பக்கம் கூர்மையாகத் தேய்ந்திருந்தது. அரத்தால் உரசிப் பார்த்தேன். வெண்ணெய் போல் அறுத்தது. தோய்ச்சல் போடாத வெறும் இரும்பு என்பது அதிலேயே தெரிந்தது. பெரிய சக்கரம் வார்ப்பிரும்பு, அது தேயவில்லை. 3,400 ரூபாய்ப் பொருளில் அதிகம் உழைக்கும் ஒரே பாகத்தை இப்படி விட்டிருப்பது வருத்தமளிக்கிறது. கடையில் கேட்டபோது உதிரிச் சக்கரம் தனியாக வருவதில்லை, முழுப் புளோயராகத்தான் வரும் என்றார்கள்.

ஆகவே, வாங்கப் போகிறவர்கள் கைப்பிடி ஓட்டத்தையும் அது இறுகும் திசையையும் பார்ப்பதோடு, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிச் சிறிய சக்கரத்தில் ஓர் அரத்தை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். அரம் கடித்தால் 500 ரூபாயாவது குறைத்துக் கேட்பதில் தவறில்லை. என்னுடையதற்கு, தருமபுரியில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் தேய்ந்த சக்கரத்தை அளவெடுக்கக் கொடுத்தேன். ஈஎன் 8 எஃகில் புதிதாக ஒன்று வெட்டித்தர 900 ரூபாய் என்றார். தோய்ச்சலுக்குத் தனியாகச் சேலம் அனுப்ப வேண்டும், அதற்கு வேறு கூலி என்றும் சொன்னார். அந்த எஃகில் கார்பன் 0.4 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், தோய்ச்சல் ஏறும். சக்கரத்தை மட்டும் வெட்டிக் கொடுங்கள், தோய்ச்சலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி முன்பணம் கொடுத்து வந்திருக்கிறேன். சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்ததும், தேய்ந்த பழைய சக்கரத்தை வைத்தே சுற்றிப் புதியதைப் பழுக்கக் காய்ச்சப் போகிறேன். மகள் சுற்ற வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.